சதுர அடைப்புக்குள் இருப்பது யாருடைய வாக்கியம்? பழைய நற்செய்திச் சுவடிகளின் சிதைவுகளும் சிக்கலான பாடங்களும்

அடைப்புக்குறி:
ஆக்ஸிரிங்கஸ் பாப்பிரஸ் 655, எகிப்தில் கிடைத்த நாணல்தாள், தோமா நற்செய்தியின் (இயேசு சொன்னவையாக வரும் பொன்மொழிகளின் தொகுப்பு) கிரேக்கத் துண்டு. 36ஆம் மொழியில் ஒரு பதிப்பு லீலிப் பூக்கள் "வளர்கின்றன, நூற்பதில்லை" என்கிறது. இன்னொரு பதிப்பு அதே பூக்கள் "பன்னுவதுமில்லை, நூற்பதுமில்லை" என்கிறது. (பன்னுவது: நூற்பதற்கு முன் மயிரையோ பஞ்சையோ சிக்கெடுத்து வாருவது.) இரண்டிலும் பாதிச் சொல் சதுர அடைப்புக்குள் நிற்கிறது. ஒரே ஓட்டைக்கு இரண்டு அடைப்பு எப்படி வந்தது? அடைப்புக்குள் போடுவதற்கு ஏதாவது கணக்கு இருக்கிறதா, இல்லை பதிப்பாசிரியரின் யூகம்தானா?

குறுக்குநார்:
கணக்கு உண்டு. அதற்கு முன் குறிகளைச் சரியாகப் படிக்க வேண்டும், ஏனென்றால் பாதிச் சண்டை அங்கிருந்துதான் கிளம்புகிறது.

பாப்பிரஸ் பதிப்புகள் 1931இல் லெய்டனில் ஒத்துக்கொண்ட முறையைப் பின்பற்றுகின்றன. சதுர அடைப்பு என்றால் அந்த இடத்தில் தாளே இல்லை, உள்ளே இருப்பது முழுக்கப் பதிப்பாசிரியர் எழுதியது. எழுத்துக்கு அடியில் புள்ளி என்றால் மை இருக்கிறது, ஆனால் சூழலை மறைத்துவிட்டு அந்த மையை மட்டும் பார்த்தால் வேறு எழுத்தாகவும் படிக்கலாம். கோண அடைப்பு, எழுத்தர் விட்டுவிட்டதைப் பதிப்பாசிரியர் சேர்த்தது. நெளி அடைப்பு, எழுத்தர் கூடுதலாக எழுதியதைப் பதிப்பாசிரியர் விலக்கியது. இரட்டைச் சதுர அடைப்பு, சுவடியிலேயே அழிக்கப்பட்டது.

இங்கே ஒரு பொறி இருக்கிறது. நெஸ்லே-ஆலன்ட் கிரேக்கப் புதிய ஏற்பாட்டில் இதே சதுர அடைப்புக்கு வேறு பொருள். அங்கே தாள் கிழியவில்லை. அந்தச் சொல் மூலத்தில் இருந்ததா என்று பதிப்புக் குழுவுக்கே உறுதியில்லை என்பதுதான் அர்த்தம். அதில் இரட்டை அடைப்பு, பழைமையானது ஆனால் மூலத்தைச் சேர்ந்ததல்ல என்று குழு கருதும் பகுதிக்கு. இரண்டையும் குழப்பிக்கொண்டு "யோவான் 8 கிழிந்துபோயிருக்கிறது" என்று எழுதுகிறவர்களை நிறையப் பார்க்கலாம்.

இனி ஓட்டையை அடைக்கும் வேலை. வரிசை இதுதான்:

முதலில் பத்தியின் (பக்கத்தில் மேலிருந்து கீழாக ஓடும் எழுத்துக் கட்டத்தின்) அகலம். ஒரு முழு வரியாவது கிடைத்தால் அதை அளக்கலாம். கிடைக்காவிட்டால், தெரிந்த நூலாக இருந்தால், ஒரு வரியின் தொடக்கத்துக்கும் அடுத்த வரியின் தொடக்கத்துக்கும் இடையே எத்தனை எழுத்து வர வேண்டும் என்று எண்ணலாம். அப்படி ஐந்தாறு வரி எண்ணினால் அந்த எழுத்தரின் வரி எவ்வளவு நீளும், எவ்வளவு குறுகும் என்ற வரம்பு கிடைத்துவிடும்.

அடுத்து எழுத்தின் அகலம். இயோட்டா ஒல்லி, ஒமேகாவும் மியூவும் அகலம். எண்ணிக்கையில் ஒத்துப்போவது இடத்தில் ஒத்துப்போகாமல் போவது இதனால்தான். அதே எழுத்தர் வேறு வரியில் எழுதிய எழுத்துகளைப் படத்திலிருந்து வெட்டி எடுத்து ஓட்டையில் ஒட்டிப் பார்ப்பதுதான் சரியான சோதனை.

பிறகு வரி முறிவு. கிரேக்க எழுத்தர்கள் வரிக்கடைசியில் அசைப்படிதான் சொல்லை உடைப்பார்கள். உங்கள் அடைப்பு அசையின் நடுவில் வரியை உடைத்தால் அது தப்பாக இருக்கவே வாய்ப்பு அதிகம்.

கடைசியாகப் புனிதப் பெயர்ச் சுருக்கமும் ஒலிமயக்கமும். இயேசு, கிறிஸ்து, கடவுள், ஆண்டவர் ஆகிய பெயர்களை இரண்டு மூன்று எழுத்தாகச் சுருக்கி மேலே கோடு போடுவது வழக்கம். "எய்" என்பதை வெறும் இயோட்டாவாகவும், "ஐ" என்பதை எப்சிலானாகவும் எழுதுவதும் சகஜம். உங்கள் அச்சுப் புத்தகத்தின் எழுத்துக்கூட்டலை அப்படியே ஓட்டையில் போட்டால் ஓரிரு எழுத்து இடறும்.

இவ்வளவும் முடிந்த பிறகுதான் "இங்கே என்ன பொருள் வரும்" என்ற கேள்வி. முதலில் பொருள், பிறகு அளவு என்று தலைகீழாகப் போனதால் வந்த அடைப்புகள் நிறைய.

நாலாம்பத்தி:
குறுக்குநார் சொன்னதற்கு ஒரு உதாரணம் போட்டுக் காட்டுகிறேன். மான்செஸ்டர் ரைலண்ட்ஸ் நூலகத்தில் இருக்கும் பாப்பிரஸ் 52. உயரம் 8.9 சென்டிமீட்டர், அகலம் 6. 1935இல் சி. எச். ராபர்ட்ஸ் வெளியிட்டார். ஒரு பக்கம் யோவான் 18:31–33, மறுபக்கம் 18:37–38. முன்பக்கத்தில் வரித் தொடக்கங்கள் மிஞ்சியிருக்கின்றன, பின்பக்கத்தில் வரி முடிவுகள்.

பின்பக்கம் இரண்டாம் வரியைப் பாருங்கள். நம் அச்சுப் பாடத்தில் இயேசு "இதற்காகவே நான் பிறந்தேன், இதற்காகவே உலகத்துக்கு வந்தேன்" என்கிறார். கிரேக்கத்தில் "எய்ஸ் தூதோ" (இதற்காக) இரண்டு தடவை வருகிறது. இரண்டாவது தடவை வர வேண்டிய இடம் ஓட்டைக்குள் விழுகிறது. அது இருந்ததா?

பக்கத்து வரிகளை எண்ணுங்கள். மூன்றாம் வரி ஓட்டையையும் சேர்த்து 29 அல்லது 30 எழுத்து. நான்காம் வரி 28. ஐந்தாம் வரி 30. இரண்டாம் வரி, அந்தச் சொற்கள் இல்லாமல் 30. சேர்த்தால் 38. சுற்றிலும் 28–30 என்று போகும் எழுத்தர் ஒரே ஒரு வரியில் மட்டும் 38க்குத் தாவ மாட்டார். ஆகவே ராபர்ட்ஸ் முதல் பெரும்பாலோர் அந்த "இதற்காக" இந்தச் சுவடியில் இல்லை என்றே கொள்கிறார்கள். மையே இல்லாத இடத்தில் ஒரு பாடபேதத்தைக் கண்டுபிடிப்பது என்றால் இதுதான். எட்டு எழுத்து வித்தியாசம் என்பதால் துணிந்து சொல்ல முடிகிறது. இரண்டு எழுத்து என்றால் வாயை மூடிக்கொள்வது நல்லது.

அடைப்புக்குறி:
இது புரிகிறது. அப்படியானால் 655இல் ஏன் இதே கணக்கு வேலை செய்யவில்லை?

கொய்னே:
அங்கே இரண்டு அடைப்புக்கும் அளவு ஒன்று, அதனால்தான்.

எழுத்து எழுத்தாகப் பார்ப்போம். "ஹதினா" (அவை) என்ற சொல்லின் முதல் பகுதி தெரிகிறது. பிறகு மூன்று எழுத்து அளவுக்கு ஓட்டை. ஓட்டைக்குப் பின் உப்சிலான், க்ஸி, ஆல்ஃபா. அடுத்த வரியில் "-நெய்" என்ற வினைமுடிவு, பிறகு "நூற்பதுமில்லை". ஓட்டையில் முதல் இரண்டு எழுத்து "ஹதினா"வின் "னா". மூன்றாவது எழுத்து ஆல்ஃபா என்றால் "அவுக்ஸானெய்", வளர்கிறது. ஓமிக்ரான் என்றால் "ஊ க்ஸைநெய்", பன்னுவதில்லை. ஆல்ஃபாவும் ஓமிக்ரானும் கிட்டத்தட்ட ஒரே இடத்தைத்தான் பிடிக்கும். மிச்சம் இருப்பது க்ஸி, ஆல்ஃபாவுக்குப் பின் ஓர் ஒல்லி இயோட்டாவுக்கு இடம் உண்டா என்பது மட்டும்.

அதை முதலில் பதிப்பித்த கிரென்ஃபெல்லும் ஹண்ட்டும் 1904இல் "வளர்கிறது" என்று அடைத்தார்கள். அவர்களைக் குறை சொல்ல முடியாது. மத்தேயு 6:28 எல்லாருக்கும் மனப்பாடம், அதில் "வளர்கின்றன" என்றே இருக்கிறது. தமிழ்ப் பழைய திருப்புதலிலும் காட்டுப்புஷ்பங்கள் "எப்படி வளருகிறதென்று" கவனிக்கத்தானே சொல்கிறது.

திருப்பம் வேறொரு சுவடியிலிருந்து வந்தது. நான்காம் நூற்றாண்டுக் கிரேக்க விவிலியமான சினாய்ச் சுவடி 1933இல் லண்டனுக்கு வந்தது. அதில் மத்தேயு 6:28இல் அழித்துத் திருத்திய இடம் ஒன்று உண்டு. டி. சி. ஸ்கீட் அதைப் புற ஊதா விளக்கில் பார்த்து 1938இல் வெளியிட்டார். முதல் கை எழுதியிருந்தது "ஊ க்ஸெனூசின்", அதாவது ஐ-க்குப் பதில் எப்சிலான் போட்ட "பன்னுவதில்லை". முழு வரிசை: பன்னுவதில்லை, நூற்பதில்லை, உழைப்பதில்லை. திருத்தியவர் அதை வழக்கமான "எப்படி வளர்கின்றன, உழைப்பதில்லை, நூற்பதில்லை" ஆக்கிவிட்டார்.

ஆக நான்காம் நூற்றாண்டு மத்தேயுச் சுவடி ஒன்றின் அடியில் இருக்கும் சொல், அதற்கும் மூத்த தோமாத் துண்டின் ஓட்டையில் கச்சிதமாக உட்காருகிறது. பொருளும் இசைகிறது: பன்னிய பிறகுதான் நூற்பது. எனக்கு இது தற்செயலாகத் தெரியவில்லை.

நாலாம்பத்தி:
எனக்கு அவ்வளவு நிச்சயம் இல்லை, கொய்னே அண்ணா. கிரேக்கம் சொல்லுக்குச் சொல் இடம் விடாமல் எழுதப்பட்டது. "போஸ் அவுக்ஸானூசின்" (எப்படி வளர்கின்றன) என்பதைப் படியெடுக்கிறவர், பின்னால் வரிசையாக "இல்லை, இல்லை" வருவதைக் கண்டு "போஸ் ஊ க்ஸெனூசின்" என்று கேட்டுவிட முடியாதா? சினாய்ச் சுவடியின் முதல் கை தனித்த பிழைகளுக்குப் பேர்போனது. மற்ற மத்தேயுச் சுவடிகளெல்லாம் எதிர்ப்பக்கம். ஸ்கீட் விளக்கில் பார்த்தது உண்மைதான். எழுத்தர் அங்கே அப்படி எழுதினார் என்பதை அது காட்டும், மத்தேயு எழுதினார் என்பதைக் காட்டாது. பிறகு அதை எடுத்துத் தோமாவின் ஓட்டையை அடைத்து, அடைத்த தோமாவைக் கொண்டு சினாயின் பாடம் பழையது என்று நிறுவினால் அது வட்டம்.

கொய்னே:
வட்டம் என்ற எச்சரிக்கை நியாயம். காதில் விழுந்த பிழை என்பதை மட்டும் ஏற்க மாட்டேன். பிழை என்றால் ஒரு சொல் மாறும், மற்றவை அதன் இடத்திலேயே நிற்கும். இங்கே "உழைப்பதில்லை" மூன்றாம் இடத்துக்குப் போய்விட்டது. வரிசையே மாறியிருப்பதால் எழுத்தர் வேறு ஒரு வாக்கிய வடிவத்தை மனத்தில் வைத்திருந்தார் என்றுதான் தோன்றுகிறது. அந்த வடிவம் மத்தேயுவின் மூலமா, வாய்வழியாகப் புழங்கியதா என்பது வேறு கேள்வி; அதில் நான் உங்கள் பக்கம் பாதி வரலாம்.

655இன் ஓட்டையைப் பொறுத்தவரை, நேர்மையான பதிப்பு மூன்றாம் எழுத்தைக் காலியாக விட்டு இரண்டு வாய்ப்பையும் அடிக்குறிப்பில் போடும். கொப்டிக் (பழைய எகிப்திய மொழி) தோமாவும் உதவாது; அதில் 36ஆம் மொழி சுருக்கம், லீலிப் பூவே இல்லை.

அடைப்புக்குறி:
புற ஊதா விளக்கை 655 மேலும் காட்டினால் தெரியாதா?

குறுக்குநார்:
தாள் இல்லாத இடத்தில் எந்த விளக்கும் உதவாது. தாள் இருந்து மை மங்கிய இடத்துக்கும் விளக்கை மையைப் பார்த்துத்தான் தேர்ந்தெடுக்க வேண்டும்.

பாப்பிரஸில் பெரும்பாலும் கரி மை. அதற்கு அகச்சிவப்பு. பாப்பிரஸ் கறுத்துப்போயிருந்தாலும் அகச்சிவப்பில் அது வெளுத்துத் தெரியும், கரி மட்டும் கறுப்பாகவே நிற்கும். தோல் ஏட்டில் பெரும்பாலும் இரும்புச்சத்துள்ள கடுக்காய் வகை மை. அது அகச்சிவப்பில் அலைநீளம் கூடக்கூட மறைந்துபோகும். அதற்குப் புற ஊதா. தோல் ஒளிரும், சுரண்டி அழித்த பிறகும் தோலில் ஊறிய மைச் சுவடு ஒளிராமல் இருட்டாக நிற்கும். ஸ்கீட்டுக்கு வேலை நடந்தது சினாய்ச் சுவடி தோல் என்பதால்.

விளக்கு வருவதற்கு முன் ரசாயனம் தடவினார்கள். பாரிசில் உள்ள எஃப்ரேம் சுவடி ஐந்தாம் நூற்றாண்டு விவிலியம். 12ஆம் நூற்றாண்டில் அதைச் சுரண்டிவிட்டு மேலே எஃப்ரேமின் உரைகளை எழுதினார்கள். 19ஆம் நூற்றாண்டில் அடியெழுத்தைக் கிளப்ப இரும்போடு சேர்ந்து நீலமாகும் கரைசலைத் தடவினார்கள். சில நாள் எழுத்து பளிச்சென்று வந்திருக்கும். பிறகு தோல் முழுக்க நீலமும் பச்சையுமாகக் கறை. ஜெர்மானிய அறிஞர் டிஷண்டார்ஃப் 1840களில் அந்தக் கறையோடு போராடித்தான் படித்தார். அவர் படித்ததில் நூற்றுக்கணக்கான திருத்தங்கள் 1950களின் கடைசியில் வெளிவந்தன. "டிஷண்டார்ஃப் படித்தார்" என்பதை மட்டும் ஆதாரமாகக் காட்டும் பழைய அடிக்குறிப்புகளை மறுபடி பார்க்காமல் எடுத்தாளாதீர்கள்.

இன்னொன்று நார். பாப்பிரஸின் ஒரு முகத்தில் நார் கிடையாக, மறுமுகத்தில் நெடுக்காக ஓடும். இரண்டு துண்டு ஒரே ஏட்டைச் சேர்ந்தவையா, எந்த உயரத்தில் பொருந்தும் என்று சொல்வது எழுத்தை விட நார்தான். தடித்த நார் ஒன்று, கறுத்த நார் ஒன்று, இரண்டும் அதே இடைவெளியில் இரு துண்டிலும் வந்தால் வாக்கியத்தைப் படிக்காமலே ஒட்டிவிடலாம்.

சாகிதிக்:
சிதைவின் அளவு திட்டமாகத் தெரிவது கொப்டிக் கட்டுச்சுவடிகளில்தான், பக்க எண் போட்டிருப்பதால். மரியாள் நற்செய்தியை எடுங்கள். பெர்லின் சுவடியில் அது 19ஆம் பக்கத்தில் முடிகிறது. 1 முதல் 6 வரை இல்லை, 11 முதல் 14 வரை இல்லை. பத்துப் பக்கம் போய்விட்டது, பாதிக்கும் மேல். ஆன்மா மேலேறும்போது வழிமறிக்கும் முதல் சக்தியோடு என்ன பேசியது என்பது அந்த நான்கு பக்கத்தோடு போய்விட்டது. யார் அதை "மீட்டெடுத்து" எழுதினாலும் அது சொந்தக் கதை.

கிரேக்கத் துண்டுகள் இரண்டு இருக்கின்றன, ஆக்ஸிரிங்கஸ் 3525, ரைலண்ட்ஸ் 463. சோகம் என்னவென்றால் இரண்டும் கொப்டிக்கில் ஏற்கெனவே இருக்கும் பகுதிக்கே நேராகின்றன; ஓட்டைக்கு உதவவில்லை. ஆனால் வேறு பாடம் கற்றுத்தருகின்றன. முடிவில் கொப்டிக்கில் "அவர்கள்" புறப்பட்டுப் போய் அறிவிக்கத் தொடங்குகிறார்கள். ரைலண்ட்ஸ் துண்டில் போவது லேவி ஒருவர் மட்டும். பேதுரு மரியாளை ஏற்றுக்கொண்டாரா இல்லையா என்ற பெரிய வாதம் ஒருமை பன்மையில் தொங்குகிறது. கொப்டிக்கைத் திருப்பிக் கிரேக்கமாக்கி ஓட்டையை அடைப்பவர்கள் இந்த ஒரு இடத்தைப் பார்த்தால் போதும்.

பேதுரு நற்செய்தி இதற்கு நேர் எதிர். 1886–87 குளிர்காலத்தில் எகிப்தின் அக்மீமில் கிடைத்தது, 1892இல் அச்சேறியது. யூதர்களில் ஒருவரும் கைகழுவவில்லை என்று வாக்கியத்தின் நடுவில் தொடங்கி, "ஆண்டவர் யாரை..." என்று வாக்கியத்தின் நடுவில் முடிகிறது. ஏடு கிழிந்ததால் அல்ல. எழுத்தர் தொடக்கத்திலும் முடிவிலும் அலங்காரம் வரைந்திருக்கிறார். அவர் கையில் இருந்த மூலப்படியே அவ்வளவுதான். கிழிசலைத் தேடி இன்னொரு தாள் கிடைக்கும் என்று காத்திருக்க வேண்டியதில்லை.

யூதாஸ் நற்செய்தி, 2006இல் வெளிவந்தது. ஏடு நியூயார்க் பக்கம் ஒரு வங்கிப் பெட்டகத்தில் 16 ஆண்டு கிடந்து, பிறகு உறைபெட்டியிலும் வைக்கப்பட்டு நொறுங்கியது. 46ஆம் பக்கத்தில் முதல் மொழிபெயர்ப்பு, பரிசுத்தத் தலைமுறையை நோக்கி யூதாஸ் ஏறுவதை மற்றவர்கள் சபிப்பார்கள் என்று சொன்னது. அதாவது அவன் ஏறுகிறான். பிறகு திருத்திய வாசிப்பில் "நீ ஏறிப் போக மாட்டாய்". அவனை நாயகனாக்கியதும் இறக்கியதும் ஒரு எதிர்மறை உருபு. அதே நூலில் யூதாசைப் "பதின்மூன்றாம் தைமோன்" என்று அழைக்கிறார் இயேசு. அங்கே ஓட்டையே இல்லை, எழுத்து முழுசாக இருக்கிறது. முதல் மொழிபெயர்ப்பு "ஆவி" என்று மென்மையாக்கியது. கிறிஸ்தவ நூல்களில் அந்தச் சொல்லுக்கு வழக்கமான பொருள் பேய். சிக்கலான இடம் எல்லாம் சிதைந்த இடம் என்று நினைக்க வேண்டாம்.

மேல்மாடி:
குறுக்கிடுவதற்கு மன்னிக்கவும். மாற்கு 16:9–20 மூன்றாம் நூற்றாண்டு பாப்பிரஸ் 45இல் இல்லை என்று படித்தேன். அந்த முடிவுப் பகுதி பின்னால் சேர்ந்தது என்பதற்கு அதைவிட என்ன ஆதாரம் வேண்டும்?

நாலாம்பத்தி:
பாப்பிரஸ் 45இல் மாற்கு 4:36இல் தொடங்கி 12:28இல் நின்றுபோகிறது. 13ஆம் அதிகாரமும் இல்லை, 14உம் இல்லை, சிலுவைப்பாடே இல்லை. முதலில் 110 ஏட்டுக்கு மேல் இருந்த சுவடியில் 30 ஏடுதான் மிஞ்சியது. "இல்லை" என்பதற்கு இரண்டு அர்த்தம்: எழுத்தர் விட்டார், அல்லது ஏடு போயிற்று. மாற்கு முடிவைப் பற்றி 45 எதுவும் சொல்லவில்லை.

ஆதாரம் வேண்டுமானால் நான்காம் நூற்றாண்டு வத்திக்கான் சுவடிக்குப் போங்கள். 16:8இல் முடித்துவிட்டு ஒரு முழுப் பத்தியைக் காலியாக விட்டிருக்கிறார் எழுத்தர். சினாய்ச் சுவடியும் 16:8இல் முடிகிறது, ஆனால் அந்த இரட்டை ஏடு பின்னால் மாற்றி எழுதிச் செருகப்பட்டது. இடத்தை நிரப்ப எழுத்தை இழுத்து எழுதியிருப்பது தெரியும். அதை எடுத்தாளும்போது இதையும் சொல்ல வேண்டும்.

ஏடு போன இடத்திலும் சாட்சி கிடைக்கும், கணக்குப் பண்ணினால். ஐந்தாம் நூற்றாண்டு அலெக்சாந்திரியச் சுவடியில் யோவான் 6:50 முதல் 8:52 வரை இல்லை. போனது இரண்டு ஏடு, நான்கு பக்கம், பக்கத்துக்கு இரண்டு பத்தி, ஆக எட்டுப் பத்தி. பத்திக்கு 50 வரி அளவில், வரிக்கு 20 எழுத்துக்குச் சற்று மேல். பத்தி ஒன்றில் ஆயிரத்துச் சொச்சம் எழுத்து. விபசாரத்தில் பிடிபட்ட பெண்ணின் கதை (7:53–8:11) ஏறக்குறைய முக்கால் பத்தி கேட்கும். கதை இல்லாமல் எண்ணினால் எட்டுப் பத்தி நிரம்பிவிடுகிறது. சேர்த்தால் வழிகிறது. ஆகவே அந்தச் சுவடியில் கதை இருந்திருக்க முடியாது. எஃப்ரேம் சுவடியிலும் அதே இடத்தில் இரண்டு ஏடு இல்லை, அதே கணக்கு, அதே முடிவு.

இங்கே தப்பு நடப்பது எங்கே என்றால், இன்றைய அச்சுப் பாடத்தை எண்ணிப் பழைய சுவடியின் அளவோடு ஒப்பிடும்போது. சுருக்கப் பெயர்களை விரித்து எண்ணினால் நான்கு பக்கத்துக்குப் பல வரி கூடிவிடும். முன்னும் பின்னும் மிஞ்சியிருக்கும் நான்கு பக்கத்தை அதே அச்சுப் பாடத்தில் எண்ணி விகிதம் எடுத்தால் அந்தப் பிழை தானாகக் கழிந்துவிடும்.

மேல்மாடி:
நன்றி. அந்த வரியை என் குறிப்பிலிருந்து எடுத்துவிடுகிறேன். "கடினமான பாடமே மூலம்" என்ற விதியாவது நிற்குமா? மாற்கு 1:41இல் குஷ்டரோகியைப் பார்த்து இயேசு "மனதுருகி" என்று நம் பைபிளில் இருக்கிறது, பெசா என்ற பழைய கிரேக்க-லத்தீன் சுவடியில் "கோபங்கொண்டு".

கொய்னே:
விதி பெங்கல் என்ற ஜெர்மானிய அறிஞருடையது, 18ஆம் நூற்றாண்டு. எளிதாக எழுதத் தூண்டுவதைவிடக் கடினமானதை முன்வைக்கச் சொன்னார். ஆனால் அபத்தமும் கடினமாகத்தான் இருக்கும். எழுத்தர் தூங்கி எழுதியது மூலமாகிவிடாது. கேட்க வேண்டிய கேள்வி, எதிலிருந்து எது பிறந்திருக்கும் என்பது.

"கோபங்கொண்டு" கிரேக்கத்தில் பெசாவில் மட்டும். கூடப் பழைய லத்தீன் சுவடிகள் சில. எண்ணிக்கையில் மிகச் சொற்பம். ஆனாலும் மனமுருகியவரைக் கோபக்காரராக்க எந்த எழுத்தருக்குக் கை வரும்? எதிர்த்திசைக்குக் காரணம் கைவசம் இருக்கிறது. மத்தேயு 8:3, லூக்கா 5:13 இரண்டிலும் அந்தக் கதை கிட்டத்தட்டச் சொல்லுக்குச் சொல் மாற்கு போலவே ஓடுகிறது, ஆனால் இரண்டிலும் மனமுருகலும் இல்லை, கோபமும் இல்லை. மனமுருகலை இருவரும் ஒரே இடத்தில் வெட்ட என்ன அவசியம்? கோபத்தை வெட்ட அவசியம் உண்டு. நான் "கோபம்" பக்கம்.

குறுக்குநார்:
அந்தக் கதைக்கு இந்த மூன்று நற்செய்திகளுக்கு வெளியே ஒரு சாட்சி இருப்பதால் சேர்க்கிறேன்: எகர்ட்டன் பாப்பிரஸ் 2, 1935இல் பெல்லும் ஸ்கீட்டும் வெளியிட்ட பெயர் தெரியாத நற்செய்தி. அதிலும் ரோகி வருகிறான், ஆண்டவர் "சித்தமாயிருக்கிறேன், சுத்தமாகு" என்கிறார். மனமுருகலும் இல்லை, கோபமும் இல்லை. சில எழுத்து அடைப்புக்குள் இருந்தாலும் அந்தச் சொல் நுழைய அங்கே இடம் கிடையாது. இதை வைத்து எதையும் நிறுவ முடியாது. வேறு கதைசொல்லி, வேறு நடை. ஆனால் கணக்கில் இருக்கட்டும்.

அதே பாப்பிரஸ் இந்த இழைக்கே பொருத்தமானது. 1987இல் குரோனவால்ட் கொலோன் நகரத் தொகுப்பிலிருந்து ஒரு சிறு துண்டை வெளியிட்டார், கொலோன் 255. எகர்ட்டனின் முதல் ஏட்டுக்கு அடியில் போய் உட்கார்ந்தது. அதுவரை காலியாக இருந்த ரோகிக் கதையின் முடிவில் "இனிப் பாவம் செய்யாதே" என்ற வாக்கியம் வந்தது. மற்ற மூன்று நற்செய்தியிலும் அந்தக் கதையில் அது இல்லை, யோவானில் வேறு நோயாளியிடம் சொன்னது. 1935க்கும் 1987க்கும் நடுவில் யாராவது அந்த ஓட்டையை மாற்குவை வைத்து அடைத்திருந்தால் இந்த வாக்கியம் கனவிலும் வந்திருக்காது.

இன்னொரு சின்ன விஷயமும் வந்தது. அந்தத் துண்டில் ஒரு சொல்லுக்குள் காமா, காப்பா என்ற இரு மெய்யெழுத்துகளுக்கு நடுவே ஒரு கொக்கி இருக்கிறது. அப்படிக் கொக்கி போடும் வழக்கம் மூன்றாம் நூற்றாண்டில்தான் பரவலாகிறது. கி.பி. 150 என்று சொல்லிவந்த காலம் 200ஐ ஒட்டி நகர்ந்தது. கொக்கி ஐம்பது வருஷத்தைத் தின்றுவிட்டது.

இரண்டாம் ஏட்டின் யோர்தான் அற்புதம் இன்னும் திறந்த புண். இயேசு கரையில் நின்று வலக்கையை நீட்டுகிறார், ஏதோ நிரப்புகிறார், விதைக்கிறார், கனி வருகிறது. அதற்கு மேல் வரிக்கு வரி பாதி இல்லை. முழு வாக்கியமாக எழுதிக்காட்டும் பதிப்புகள் அழகாகவே இருக்கின்றன. ஒன்றோடொன்று ஒத்துப்போகாது.

சாகிதிக்:
வரி முறிவு பற்றி மேலே சொன்னதற்கு ஒரு கொசுறு. 2012இல் "இயேசுவின் மனைவி" என்று ஒரு கொப்டிக் துண்டு உலகம் சுற்றியது. அதன் சொற்கள் கொப்டிக் தோமாவிலிருந்து வெட்டி ஒட்டியவை. இணையத்தில் இருந்த தோமாப் பதிப்பின் ஒரு அச்சுப்பிழை கூட அப்படியே வந்திருந்தது. அதோடு வந்த யோவான் துண்டுதான் போலி என்று காட்டிக் கழுத்தை நெரித்தது. 1924இல் அச்சான காவ் சுவடி (யோவானின் கொப்டிக் சுவடி) பதிப்போடு ஒப்பிட்டால் 17 வரியும் அதே இடத்தில் முறிகிறது. ஓரத்தைக் கிழித்துச் சிதைவு உண்டாக்குவது சுலபம். வரி எங்கே முறியும் என்பதைச் சொந்தமாக யோசிக்க அந்தக் கைக்குத் தெரியவில்லை.

அடைப்புக்குறி:
பாப்பிரஸ் 52 முன்பக்கத்தை நானே எண்ணிப் பார்த்தேன். கேள்வி, "இயேசு" என்ற பெயர் ஓட்டைக்குள் முழுசாக இருந்ததா, சுருக்கமாகவா. வரி 1: 35 எழுத்து. வரி 3: 31. வரி 4: 34. வரி 6: 31. பெயர் வரும் வரிகள் இரண்டு. வரி 2 முழுப்பெயரோடு 34, சுருக்கினால் 31. வரி 5 முழுப்பெயரோடு 32, சுருக்கினால் 28. வரி 5இல் 28 என்பது மற்ற எல்லா வரிக்கும் கீழே போகிறது. ஆகவே முழுப்பெயர்தான் என்று முடிவு கட்டலாமா?

நாலாம்பத்தி:
எண்ணிக்கை சரி. டக்கெட் என்ற ஆய்வாளர் அந்தப் பக்கம்தான் வாதாடினார், சுருக்கம் இல்லாத மிகப் பழைய சுவடி என்று. ஹர்ட்டாடோவும் ஹில்லும் முடிவு கட்ட முடியாது என்றார்கள். ஏன் என்று பாருங்கள். பெயர் இல்லாத நான்கு வரியிலேயே நான்கு எழுத்து ஊசல். நீங்கள் தேடும் வித்தியாசமும் மூன்று நான்கு எழுத்து. அளவுகோலின் ஊசலும் அளக்கும் பொருளும் ஒரே அளவு. போதாததற்கு இந்த எழுத்தர் சொற்களுக்கு நடுவே இடம் விடும் பழக்கமும் உள்ளவர். வரி 5இல் ஓட்டைக்குள் ஒரு இடைவெளி விட்டிருந்தால் உங்கள் 28 எழுத்தும் ஓரம் வரை போய்விடும்.

எழுத்தை எண்ணாமல் வெட்டி ஒட்டிப் பாருங்கள். வரி 5இல் இரண்டு ஒமேகா போடாதீர்கள், ஒன்றுதான். இயோட்டா நான்கு வருகிறது.

அடைப்புக்குறி:
ஒட்டிப் பார்த்தேன். முழுப்பெயர் போட்டால் வரி 4ஐ விடச் சற்று உள்ளே நிற்கிறது. சுருக்கினால் இன்னும் உள்ளே. ஆனால் வரி 6உம் உள்ளேதான் நிற்கிறது.

குறுக்குநார்:
அப்படியானால் அடைப்புக்குள் இரண்டையும் எழுதுங்கள்.